அயலார் யார் என்பதை யார் தீர்மானிப்பது? முகாம்வாழ் மலையகத் தமிழரும் ஆட்சியதிகாரத்தின் எல்லைகளும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பெயரைக் கேட்டதும் வேங்கைவயல் நினைவுக்கு வருவது இன்று இயல்பாகிவிட்டது. அதே மாவட்டத்தில் லேனாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பதை அறிந்தோர் குறைவு. தமிழ்நாடு முழுவதும் இத்தகைய 100க்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்கின்றனர். 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் வந்தோரும், அவர்களுக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகளும், அப்பிள்ளைகளின் பிள்ளைகளும் இதில் அடங்குவர். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. புதிய வீடுகளுக்கும் நிதி ஒதுக்கியது. வீடு மாறியது, பெயர்ப்பலகை மாறியது. சட்டத்தின் பார்வையில் அவர்களுடைய நிலை மாறவில்லை. அவர்கள் இன்றும் 'அயல்நாட்டார்'. அவர்களுள் பெரும்பாலோர் 'சட்டவிரோதக் குடியேறிகள்'.

இந்தச் சொற்களைச் சூட்டும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அதற்கு அரசமைப்புச் சட்டம் இட்டிருக்கும் எல்லை எது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அயலாரை என்ன செய்யலாம் என்னும் கேள்விக்கு முன்னால், ஒருவர் அயலார்தானா என்னும் கேள்வி நிற்கிறது. முகாம்களில் நாற்பது ஆண்டுகளாக இரண்டாவது கேள்வி தவிர்க்கப்பட்டு, முதலாவது மட்டுமே செயல்பட்டு வருகிறது.

குடியரசுத் தலைவரின் பெயரால்

அரசமைப்பின் 53ஆம் கூறு ஒன்றியத்தின் ஆட்சியதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைக்கிறது. 74ஆம் கூறு அவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்க வேண்டும் என்கிறது. ஆகவே, குடியரசுத் தலைவரின் பெயரில் வெளிவரும் ஆணை என்பது நடைமுறையில் ஒன்றிய அரசின் ஆணையே. குடியுரிமையும் அயல்நாட்டாரும், நாட்டுக்குள் அனுமதித்தலும் வெளியேற்றலும் ஏழாம் அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் 17, 19 ஆகிய பதிவுகளாக உள்ளன. மாநில அரசுக்கு இவற்றில் தன்னதிகாரம் கிடையாது.

எனினும், 258ஆம் கூற்றின்படி குடியரசுத் தலைவர் ஒன்றிய அரசின் பணிகளை மாநில அரசிடம் ஒப்படைக்கலாம். அயல்நாட்டாரை அடையாளம் கண்டு வெளியேற்றும் அதிகாரம் அவ்வாறு 1958ஆம் ஆண்டிலேயே மாநிலங்களுக்கு ஒப்படைக்கப்பட்டது. ஒருவர் குறிப்பிட்ட இடத்தில்தான் தங்க வேண்டும் என ஆணையிடவும் அயல்நாட்டார் சட்டம் இடமளித்தது. திருச்சி மத்தியச் சிறை வளாகத்திலுள்ள 'சிறப்பு முகாம்' இத்தகைய ஆணைகளைக் கொண்டே இயங்கி வந்துள்ளது. தண்டனைக் காலம் முடிந்தவரையும் பிணையில் வந்தவரையும்கூட அங்கே தங்கவைக்க இவ்வாணைகள் வழிவகுத்தன.

இந்த அதிகாரத்தின் வேர் காலனிய ஆட்சியில் இருக்கிறது. அயல்நாட்டார் சட்டம் 1946ஆம் ஆண்டு, அரசமைப்பு உருவாகும் முன்னரே, பிரித்தானிய ஆட்சியின்கீழ் இயற்றப்பட்டது. 2025ஆம் ஆண்டு அதுவும், 1920, 1939, 2000 ஆகிய ஆண்டுகளின் மூன்று சட்டங்களும் நீக்கப்பட்டு, 'குடியேற்றம் மற்றும் அயல்நாட்டார் சட்டம்' என்னும் ஒரே சட்டம் செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிகாரத்தின் அளவு குறையவில்லை.

'நபர்' என்னும் சொல்

இவ்வதிகாரம் எவ்வளவு பெரியது? 1955இல் ஹான்ஸ் முல்லர் என்னும் ஜெர்மானியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடையளித்தது: அயல்நாட்டாரை வெளியேற்றும் ஒன்றிய அரசின் விருப்புரிமைக்கு அரசமைப்பில் தளை ஏதுமில்லை. 1991இல் லூயி டி ரேட் வழக்கில் இது உறுதிசெய்யப்பட்டது. நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியமரவும் உள்ள உரிமை 19ஆம் கூற்றின்படி குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்பது இத்தீர்ப்புகளின் அடிப்படை. 2021இல் ரோஹிங்கியா ஏதிலியர் வழக்கிலும் நீதிமன்றம் இதே வழியில் சென்றது.

ஆனால் அரசமைப்பை எழுதியோர் எல்லா உரிமைகளையும் 'குடிமக்கள்' என்னும் சொல்லுக்குள் அடைத்துவிடவில்லை. சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14ஆம் கூறும், உயிரையும் தனிமனித விடுதலையையும் காக்கும் 21ஆம் கூறும் 'எந்த நபருக்கும்' என்றே பேசுகின்றன. இச்சொல்லின் ஆற்றலை 1996ஆம் ஆண்டு அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களின் வழக்கு காட்டியது. அம்மக்களை வெளியேறச் சொல்லி உள்ளூர் அமைப்பு ஒன்று மிரட்டியபோது, தேசிய மனித உரிமை ஆணையம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. குடிமகனாயினும் அல்லாதவனாயினும் ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று நீதிமன்றம் கூறியது.

அத்தீர்ப்பின் இன்னொரு பகுதி குறைவாகவே பேசப்படுகிறது. சக்மா மக்கள் அளித்த குடியுரிமை விண்ணப்பங்களை மாவட்ட அதிகாரிகள் ஒன்றிய அரசுக்கு அனுப்பாமல் தடுத்து வைத்திருந்தனர். விண்ணப்பத்தை மேலே அனுப்புவது அவர்களுடைய கடமை, அதை மறுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்றது நீதிமன்றம். ஒரு மாவட்ட அலுவலகத்தின் மேசையில் தேங்கும் தாள்கூட ஒருவரின் அரசமைப்பு உரிமையைப் பறித்துவிட முடியும் என்பதை உணர்ந்த தீர்ப்பு அது.

ஆக, எல்லைக்கோடு இப்படி அமைகிறது. அயலாரை வெளியேற்றலாம், ஆனால் சட்டம் வகுத்த நடைமுறையின்படியே வெளியேற்ற வேண்டும். அவர் இம்மண்ணில் இருக்கும்வரை அவருடைய உயிருக்கும் விடுதலைக்கும் சமத்துவத்துக்கும் அரசே பொறுப்பு.

கேள்வி இங்கேதான் தொடங்குகிறது

மேற்கண்ட அதிகாரம் அனைத்தும் ஒரு சொல்லின்மீது நிற்கிறது. 'அயல்நாட்டார்' என்பவர் இந்தியக் குடிமகன் அல்லாதவர் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. அதாவது, ஒருவர் குடிமகன் அல்லர் என்பது முதலில் முடிவாக வேண்டும். அதை முடிவு செய்வது குடியுரிமைச் சட்டம். அரசமைப்பின் 11ஆம் கூறு குடியுரிமை பற்றிச் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கே வழங்குகிறது. 1949 ஆகஸ்டில் அரசமைப்பு அவையில் குடியுரிமைக் கூறுகளை முன்வைத்த அண்ணல் அம்பேத்கர், இவை நிலையான சட்டமல்ல, தொடக்க நாளுக்கான ஏற்பாடு மட்டுமே, மற்றவற்றை நாடாளுமன்றம் வகுக்கும் என விளக்கினார். ஓர் அமைச்சகத்தின் சுற்றறிக்கையோ, ஓர் அதிகாரியின் குறிப்போ ஒருவரை அயலார் ஆக்கிவிட முடியாது என்பதே இதன் பொருள்.

ஆனால் நடைமுறையில் சுமை தலைகீழாக உள்ளது. தாம் அயலார் அல்லர் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பைச் சட்டம் அந்த நபரின்மீதே ஏற்றுகிறது. இதற்கும் ஓர் எல்லை உண்டு என 2024 ஜூலையில் அசாமைச் சேர்ந்த ரகீம் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது: எந்த ஆதாரமும் இன்றி ஒருவரைச் சுட்டிக்காட்டி, 'நீ அயலான், இல்லையென்று மெய்ப்பி' என்று அரசு கேட்க இயலாது.

இப்போது புதுக்கோட்டைக்குத் திரும்புவோம். 1820களின் பிற்பகுதி தொடங்கிக் காப்பித் தோட்டங்களுக்கும், 1870களுக்குப் பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் இலங்கை மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் மாவட்டங்களையும், அன்று தனிச் சமத்தானமாக இருந்த புதுக்கோட்டையையும் சேர்ந்தவர்கள். அவர்களுள் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர். பஞ்சமும் பண்ணை அடிமைத்தனமும் ஊரைவிட்டுத் துரத்தின. கங்காணியின் முன்பணம் கடனாகக் கழுத்தைச் சுற்றியது. நிலம் வைத்திருந்தோருக்கு ஊரில் பட்டா இருந்தது, பதிவு இருந்தது. நிலமற்றோருக்கு ஊரை விட்டதற்கான தாள்கூட மிஞ்சவில்லை. நூறு ஆண்டு கழித்து 'உன் பூர்வீகத்துக்குச் சான்று எங்கே' என்று கேட்கும்போது, அக்கேள்வி எல்லாச் சாதியாரையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை இம்மக்களை நாடற்றோர் ஆக்கியது. இந்திய அரசமைப்போ இவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தது. 8ஆம் கூற்றின்படி, தாமோ பெற்றோருள் ஒருவரோ தாத்தா பாட்டியருள் ஒருவரோ, 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் முதலில் வரையறுத்தவாறான 'இந்தியா'வில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வசிப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் குடிமகனாகப் பதிந்துகொள்ளலாம். அந்த வரையறையில் பிரித்தானிய மாகாணங்களோடு சமத்தானங்களும் அடங்கும். எனவே, 1948 மார்ச் மாதம்தான் இந்திய ஒன்றியத்தில் சென்னை மாகாணத்தோடு இணைந்த புதுக்கோட்டைச் சமத்தானத்தின் சேரியில் பிறந்த ஒரு பாட்டியின் பேரனும் இக்கூற்றின் வாசலில் நிற்கத் தகுதியுடையவன்.

அந்த வாசல் வழியே அவர்கள் அழைக்கப்படவில்லை. அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பது நேரு காலத்து இந்திய அரசின் நிலைப்பாடு. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டவரின் விருப்பம் கேட்கப்படவில்லை. தாயகம் திரும்பியோர் என்னும் பெயரில் லட்சக்கணக்கானோர் வந்தனர். 1984இல் இராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் நின்றது. விண்ணப்பித்துக் காத்திருந்தோரும், இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் பயணம் செய்ய முடியாதோரும் அங்கேயே தங்கிப்போயினர். 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்முறையால் மலையகத்தைவிட்டு வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பல, போர் அங்கும் எட்டியபோது படகேறின. ஒப்பந்தப்படி கப்பலில் வந்திருந்தால் 'தாயகம் திரும்பியோர்'. உயிர் பிழைக்கப் படகில் வந்ததால் 'சட்டவிரோதக் குடியேறி'.

தேதிகள் பிரிக்கும் குடும்பம்

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பிறப்பால் வரும் குடியுரிமையை மூன்று காலங்களாகப் பிரிக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இந்தியாவில் பிறந்த எவரும் குடிமக்களே. அயல்நாட்டுத் தூதரின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 1987 ஜூலை முதல் தேதிக்குப் பின் பிறந்தால் பெற்றோருள் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இதை ஒரு குடும்பத்தில் பொருத்திப் பார்க்கலாம். 1985இல் வந்த ஓர் இணையருக்கு 1986இல் முகாமில் மகள் பிறக்கிறாள். 1988இல் மகன் பிறக்கிறான். அக்காள் பிறப்பால் இந்தியக் குடிமகள். தம்பி நாடற்றவன். ஒரே தாய், ஒரே கூரை, ஒரே பள்ளி. இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் அவர் பிறப்பாலேயே குடிமகள் என்று கூறிக் கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 36 ஆண்டுகள் ஒரு குடிமகளை அரசு அயலாராக நடத்தியிருக்கிறது. அந்தக் காலம் முழுதும் அவர்மீது செலுத்தப்பட்ட அதிகாரத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. மண்டபம் முகாமின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது: தோட்டத் தொழிலாளரை இலங்கைக்கு அனுப்பும் முன் தனிமைப்படுத்தி வைக்கக் காலனிய ஆட்சி பயன்படுத்திய முகாம் அது.

பதிவு செய்து குடியுரிமை பெறுதலுக்கான 5ஆம் பிரிவு, தாமோ பெற்றோருள் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் விண்ணப்பிக்கலாம் என்கிறது. ஆனால் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் விண்ணப்பிப்பவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது என்னும் தடையைச் சேர்த்தது. செல்லத்தக்க கடவுச்சீட்டு இன்றி நுழைந்தவர் யாவரும் அச்சொல்லுக்குள் அடங்குவர். எரியும் ஊரிலிருந்து ஓடிவந்தவரிடம் முத்திரையிட்ட கடவுச்சீட்டு இருக்க வேண்டும் என்பதே இதன் விளைவு.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தடையைச் சிலருக்கு நீக்கியது. ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தாருக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. இசுலாமியரும் இலங்கையும் விடப்பட்டனர். 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட விலக்கு ஆணையோ, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் நுழைவு இசைவும் இல்லாமைக்கான நடவடிக்கையிலிருந்து விலக்கு அளித்தது. இது வரவேற்கத்தக்கது. எனினும் அதன் எல்லையை அறிய வேண்டும். அது குடியுரிமைச் சட்டத்திலுள்ள 'சட்டவிரோதக் குடியேறி' என்னும் வரையறையைத் தொடவில்லை. ஆணையால் வந்த சலுகையை இன்னோர் ஆணை திரும்பப் பெறலாம். உரிமைக்கு நாடாளுமன்றத்தின் சட்டம் வேண்டும்.

அமெரிக்காவில் அடிமைகள் பெற்றுத் தந்த விதி

ஆணைக்கும் அரசமைப்புக்கும் இடையிலான இம்மோதல் அமெரிக்காவிலும் நடக்கிறது. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அதிபர் டிரம்ப் உரிய ஆவணமற்ற பெற்றோருக்கும் தற்காலிக இசைவில் தங்கியிருப்போருக்கும் அந்நாட்டில் பிறக்கும் பிள்ளைகளின் குடியுரிமையை மறுக்கும் ஆணையைப் பிறப்பித்தார். கீழமை நீதிமன்றங்கள் அதைத் தடுத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அவர் ஆணைக்கு எதிராக நின்றது 1868ஆம் ஆண்டின் 14ஆவது அரசமைப்புத் திருத்தம். கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் கூறிய தீர்ப்பை முறியடிக்க, உள்நாட்டுப் போருக்குப் பின் எழுதப்பட்டது அது. அம்மண்ணில் பிறந்தோர் குடிமக்கள் என்னும் விதியை, 1898இல் சீனப் பெற்றோரின் மகனான வோங் கிம் ஆர்க்குக்கும் நீதிமன்றம் பொருத்தியது.

அடிமைப்படுத்தப்பட்டோரின் விடுதலைக்காக எழுதிய விதி, பின்னர் வந்த எல்லாக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கும் அரணாயிற்று. அது அரசமைப்பிலேயே இருப்பதால் அதிபரின் ஒரு கையெழுத்து அதை அழித்துவிட முடியாது. இந்தியாவில் பிறப்பால் வரும் குடியுரிமை சாதாரணச் சட்டத்தில் இருந்தது. ஆகவே 1986, 2003 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்கள் அதைப் படிப்படியாகச் சுருக்க முடிந்தது.

நீதிமன்றம் சென்ற தொலைவு

2019 ஜூன் மாதம் மதுரைக் கிளை வழங்கிய தீர்ப்பு மலையக மக்களுக்கு முக்கியமானது. திருச்சி கொட்டப்பட்டு முகாம் உள்ளிட்ட முகாம்களில் வாழ்ந்த, இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர் தொடுத்த வழக்கு அது. நீண்டு தொடரும் நாடற்ற நிலை 21ஆம் கூற்றுக்கு முரணானது என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் கூறினார். அவர்கள் மாவட்ட ஆட்சியர் வழியாகப் புதிதாக விண்ணப்பிக்கலாம், ஒன்றிய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். குடியுரிமையை வழங்குமாறு அவர் ஆணையிடவில்லை. வழங்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடமே உள்ளது. நீதிமன்றத்தால் 'முடிவெடு' என்று சொல்ல முடியும்.

2025 மே மாதம் வேறொரு வழக்கில், உலகெங்கிலுமிருந்து வருவோரை ஏற்க இந்தியா தர்மசாலை அல்ல என்னும் பொருள்பட உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகக் குறிப்பிட்டது. தண்டனை பெற்ற ஓர் இலங்கைத் தமிழர் வெளியேற்றத்தை எதிர்த்த வழக்கு அது. அதை முகாம்வாழ் மக்கள் அனைவருக்குமான விடையாகக் கொள்வது பிழை. பாட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர் என்று சொல்லும் ஒரு பெண் தர்மசாலையில் இடம் கேட்கவில்லை. தன் வீட்டுக்கு வழி கேட்கிறாள்.

சாதியின் கணக்கு

முகாமிலுள்ள தலித் குடும்பத்துக்கு இழப்பு இரட்டையானது. பட்டியல் சாதிகளை 341ஆம் கூற்றின்படி அறிவித்ததும் குடியரசுத் தலைவரின் ஆணையே, 1950இல் வந்தது. அந்த ஆணையை அவரும் பின்னர் மாற்ற இயலாது, நாடாளுமன்றம் மட்டுமே மாற்றலாம். இதுவும் அவ்வதிகாரத்துக்கு ஓர் எல்லை. ஆனால் அரசு வேலைவாய்ப்பைப் பேசும் 16ஆம் கூறு குடிமக்களுக்கே உரியது. தீண்டாமை கடல் கடந்து தோட்டத்து லயங்களிலும் உடன் வந்தது. திரும்பிவந்த பின் முகாமிலும் அது விடுவதில்லை. அதற்கு ஈடாக அரசமைப்பு தந்த இட ஒதுக்கீடு மட்டும் முகாம் வாசலில் நின்றுவிடுகிறது. பட்டம் பெற்ற இளைஞர் வண்ணம் பூசும் கூலி வேலைக்குச் செல்வது முகாம்களில் அன்றாடக் காட்சி.

செய்யக்கூடியவை

முதலாவது, 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தோரை அரசே கண்டறிந்து குடிமக்களாக ஏற்க வேண்டும். அவர்களுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. முகாம் பதிவேடும் பிறப்புப் பதிவும் போதும். அவர்களின் பிள்ளைகளது நிலையும் அதனோடு சேர்த்து ஆராயப்பட வேண்டும்: 2004 டிசம்பருக்கு முன் பிறந்தவராயின், பெற்றோருள் ஒருவர் குடிமகன் என்பதே அவரையும் குடிமகன் ஆக்கும்.

இரண்டாவது, இந்திய வம்சாவளியினரை மாவட்ட வாரியாக அடையாளம் காண வேண்டும். ஒப்பந்தக் காலத்து விண்ணப்பப் பதிவுகள் இரு நாட்டு அரசுகளிடமும் இருக்க வேண்டியவை. சான்று தேடும் சுமையைக் கூலித் தொழிலாளியின் தலையில் வைத்துவிட்டு அரசு ஒதுங்குவது நீதியாகாது. ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் விண்ணப்பம் எதுவும் தேங்கக் கூடாது. சக்மா தீர்ப்பு அதைக் கட்டளையாகவே சொல்லியிருக்கிறது.

மூன்றாவது, 'சட்டவிரோதக் குடியேறி' என்னும் வரையறையிலிருந்து இலங்கைத் தமிழருக்கு நாடாளுமன்றம் விலக்கு தர வேண்டும். மூன்று நாட்டாருக்குத் தர முடிந்த விலக்கு நான்காவது நாட்டாருக்கு ஏன் இயலாது என்னும் கேள்வி 14ஆம் கூற்றின்படி எழும் கேள்வி. அதைக் கேட்கக் குடிமகனாக இருக்க வேண்டிய தேவையில்லை. 'நபராக' இருந்தால் போதும்.

முகாம் மக்கள் இன்றே பயன்படுத்தக்கூடிய வழியும் உண்டு. 226ஆம் கூற்றின்படி உயர் நீதிமன்றத்தை நாட 'நபர்' என்னும் தகுதி போதுமானது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கட்டணமற்ற சட்ட உதவியை வழங்குகிறது; குடியுரிமையை அது நிபந்தனையாக்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வழக்கறிஞர்களும், தலித் இயக்கங்களும் லேனாவிளக்கிலும் தோப்புக்கொல்லையிலும் அழியாநிலையிலும் அமர்ந்து, ஒவ்வொரு குடும்பத்தின் பிறந்த தேதிகளையும் பூர்வீக ஊரையும் எழுதிக்கொள்ளத் தொடங்கினாலே, எத்தனை குடிமக்கள் அயலாராக எண்ணப்பட்டு வருகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.